வாங்கும் முன்: ‘டிஸ்க் பிரேக்’ என்றால் எல்லாம் ஒன்றா? கியர் சைக்கிளில் கவனிக்க வேண்டியவை!

ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் சைக்கிள் கடைகளில் ஒரே காட்சிதான். பிள்ளை கியர் சைக்கிளைவிட்டு நகராது. அப்பா விலையை விசாரிப்பார். அம்மா, ‘சீட் ஏன் இவ்ளோ உசரத்துல இருக்கு?’ என்பார். கடைக்காரர் முன்சக்கரத்தில் பளபளக்கும் வட்டத் தட்டைத் தொட்டுக்காட்டி, ‘டிஸ்க் பிரேக் சார்... பிடிச்சா பிடிச்ச இடத்துலயே நிக்கும்’ என்பார். அதோடு பிரேக் பற்றிய பேச்சு முடிந்து, கலர் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும்.

கலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எம்.டி.பி எனப்படும் மலை சைக்கிள், பெயருக்கு ஏற்றபடி இப்போது உண்மையிலேயே மலை ஏறுகிறது. ஞாயிறு காலையில் ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை என்று கிளம்பும் சைக்கிள் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. காலேஜ் சேர்ந்த முதல் வருடமே, ‘ஃப்ரெண்ட்ஸோட கொல்லிமலை போயிட்டு வர்றேன்மா’ என்று பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கால் வலிக்கும், அவ்வளவுதான். இறங்கும்போது உயிர் நிற்பது இரண்டு விரல்களில்.

எனவே, இந்த வாரம் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். எது நம்பகமானது, எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கிய பிறகு என்ன செய்யக் கூடாது என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஒயரா, ஆயிலா?

‘டிஸ்க் பிரேக்’ என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று மெக்கானிக்கல். பிரேக் லீவரைப் பிடித்தால் ஒயர் இழுபடும். அந்த ஒயர் சக்கரத்தின் பக்கம் உள்ள காலிபரில் ஒரு சின்னக் கையை இழுக்கும், பேட் போய் டிஸ்க்கை அழுத்தும். பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய் வண்டியில் டிஸ்க் பிரேக் இருந்தால், அது பெரும்பாலும் இந்த வகைதான்.

இன்னொன்று ஹைட்ராலிக். இதில் ஒயர் கிடையாது. லீவர் முதல் காலிபர் வரை மூடிய குழாய், உள்ளே முழுக்க ஆயில். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு ட்யூபால் இணைத்து, தண்ணீர் நிரப்பி, ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்புமே... பள்ளியில் பார்த்த அதே பாஸ்கல் விதிதான். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், விரல் கொடுத்த அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. லீவர் பக்கம் சின்ன பிஸ்டன், சக்கரத்தின் பக்கம் பெரிய பிஸ்டன் என்பதால் விசையும் பெருகுகிறது. ஒரே விரலால் வண்டியை நிறுத்த முடிவது அதனால்தான். பேட் தேயத்தேய பிஸ்டன் தானாகவே முன்னால் வந்து இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். ஒயர் பிரேக்போல அடிக்கடி ஸ்க்ரூ முறுக்கத் தேவையில்லை.

எப்படி அடையாளம் காண்பது? காலிபர் அருகே குனிந்து பாருங்கள். இரும்பு ஒயர் முனை வெளியே தெரிந்தால் மெக்கானிக்கல். தடித்த குழாய் நேராகக் காலிபருக்குள் போய், லீவர் பக்கம் சின்ன டேங்க்போல ஒரு பகுதி இருந்தால் ஹைட்ராலிக். லீவரில் ஒயர், காலிபருக்குள் மட்டும் ஆயில் என்ற கலப்பு வகையும் உண்டு. அதை முழு ஹைட்ராலிக் விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

உங்களுக்கு ஹைட்ராலிக் தேவையா?

ஸ்கூல், டியூஷன், மார்க்கெட், சமதளச் சாலை... இவ்வளவுதான் என்றால் தேவையில்லை. ரிம்மைப் பிடிக்கும் நல்ல வி-பிரேக்கோ, ஒயர் டிஸ்க்கோ போதும். பிரேக் கட்டையும் ஒயரும் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட் வாங்கலாம்.

மலை, மண் பாதை, மழைக்காலத்திலும் ஓட்டுவது என்றால் கதை வேறு. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். பிள்ளையும் வண்டியும் சேர்ந்து 70 கிலோ. ஏற்காட்டிலிருந்து சேலம் வந்தால் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். 1,000 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு இரண்டு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் டயரில் போகும். மீதி முழுவதும் பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது. மெதுவாக, பயந்து பயந்து இறங்குபவர்களுக்கு பிரேக்கில் சேரும் பங்கு இன்னும் அதிகம். 160 மி.மீ டிஸ்க் ஒன்றின் எடை 200 கிராம்கூட வராது. அத்தனை சூட்டையும் வாங்கி, காற்றில் விட்டு, அடுத்த வளைவுக்குத் தயாராக வேண்டியது அதுதான்.

இதனால்தான் மலைக்குப் போகும் வண்டியில் பிரேக்கின் பிராண்டைவிட, அதன் உள்ளே இருக்கும் ஆயில், டிஸ்க்கின் அளவு, பேடின் நிலை ஆகிய மூன்றும் முக்கியம்.

முதலில் மூடியைப் படியுங்கள்

ஹைட்ராலிக் பிரேக்கில் ஊற்றுவது இரண்டு வகை. ஒன்று மினரல் ஆயில். மற்றொன்று டாட் ஃப்ளூயிட். கார், பைக் பிரேக்குகளில் இருப்பதும் இந்த டாட்தான்.

ஜப்பானின் ஷிமானோ, தைவானின் டெக்ட்ரோ, ஜெர்மனியின் மகுரா ஆகியவை மினரல் ஆயில் பயன்படுத்துகின்றன. தொடக்க விலை வண்டிகளில் அதிகம் வரும் ஷிமானோ எம்.டி200, டெக்ட்ரோ எம்275 இரண்டுமே மினரல் ஆயில்தான். இங்கிலாந்தின் ஹோப், டாட் ஃப்ளூயிட் பயன்படுத்துகிறது. அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனத்தில் இரண்டும் உண்டு. அதன் கோட், கைடு போன்ற பிரேக்குகளுக்கு டாட் 5.1 ஊற்ற வேண்டும். அதே நிறுவனம் 2024-ல் கொண்டுவந்த மேவன் பிரேக்குக்கு மினரல் ஆயில். எனவே, கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். லீவரின் மேல்மூடியில் அல்லது உடம்பில் என்ன ஆயில் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஹைட்ராலிக் பிரேக் பாழாவதற்கு முக்கியமான காரணமே இதுதான். நம் ஊரில் தெருவுக்கு ஒரு பைக் மெக்கானிக் இருப்பார். அவரிடம் எப்போதும் ஒரு டாட் 3 அல்லது டாட் 4 பாட்டில் இருக்கும். ‘சைக்கிள் பிரேக் லூஸா இருக்குண்ணா’ என்று போய் நின்றால், உதவி செய்யும் எண்ணத்தில் அதை ஊற்றிவிடுவார். மினரல் ஆயிலுக்கான ரப்பர் சீல்கள் வேறு, டாட்டுக்கான சீல்கள் வேறு. மாற்றி ஊற்றினால் சீல் ஊறி உப்பிவிடும். சில நாள்களில் லீவர் இறுகும், அழுத்தினால் திரும்பி வராது, அல்லது ஆயில் கசியும். பிறகு அந்த பிரேக்கைக் கழுவியெல்லாம் காப்பாற்ற முடியாது. பெரும்பாலும் முழு செட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டில் எது நல்லது? இரண்டுமே நன்றாக வேலை செய்யும், குணம்தான் வேறு. டாட் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை இறங்கும். புது டாட் 4-ன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய டாட் 4-க்கு அது 155 டிகிரிதான். டாட் 5.1-க்கு இதே எண்கள் 260, 180. நீண்ட இறக்கத்தில் பழைய ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ்கள் உருவாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். விளைவு, லீவர் ஹேண்டில்பார் வரை போய் ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. எனவே, டாட் பிரேக் என்றால் ஆண்டுக்கொரு முறை ஆயில் மாற்றுவது நல்லது. அது பெயின்டையும் அரிக்கும், தோலில் பட்டால் உடனே கழுவ வேண்டும்.

மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டைக் கெடுக்காது. வீட்டில் வைத்துப் பராமரிக்க வசதியானது. ஆனால், டாட்டுக்கு இருப்பதுபோல எல்லோருக்கும் பொதுவான தரவிதி இதற்குக் கிடையாது. எனவே, அந்தந்த பிரேக் கம்பெனி சொல்லும் ஆயிலையே ஊற்ற வேண்டும். தையல் மெஷின் ஆயில், பேபி ஆயில் பரிசோதனை எல்லாம் வேண்டாம்.

பிள்ளைக்கு முதல் ஹைட்ராலிக் வண்டி வாங்குகிறீர்கள், சொந்தமாக வேலை பார்க்கத் தெரியாது என்றால், மினரல் ஆயில் பிரேக்கே நல்ல தேர்வு.

கடையிலேயே செய்யவேண்டிய 6 சோதனைகள்

1. லீவரை பலமாக அழுத்தி, அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். கல்மாதிரி நிற்க வேண்டும். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது.

2. நான்கைந்து முறை வேகமாக அழுத்திவிடுங்கள். முதலில் ‘கொழகொழ’வென்று இருந்து, அழுத்த அழுத்த இறுகினால் உள்ளே காற்று இருக்கிறது. மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்பார்கள். காற்றை வெளியேற்றி ஆயில் நிரப்பும் ‘பிளீடிங்’ வேலையைக் கடையிலேயே முடித்துத் தரச் சொல்லுங்கள்.

3. குழாய் லீவரில் சேரும் இடம், காலிபரில் சேரும் இடம் இரண்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். எண்ணெய்ப் பசை தெரியக் கூடாது.

4. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். டிஸ்க் நெளிந்து ஆடுகிறதா, பேடில் உரசிச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். லேசான உரசலைக் காலிபர் போல்ட்டைத் தளர்த்தி அங்கேயே சரிசெய்யலாம்.

5. ஓட்டப்போகிறவரின் கையை வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரில் வசதியாக உட்கார வேண்டும். சின்னக் கைகளுக்கு ஏற்ப லீவரை உள்ளே கொண்டுவரும் ஸ்க்ரூ பெரும்பாலானவற்றில் உண்டு. எந்தக் கை எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதையும் அப்போதே பழக்கிவிடுங்கள்.

6. முன்சக்கரத்தைக் கழற்ற உதவும் குயிக் ரிலீஸ் லீவர் இருந்தால், அதை முழுக்கத் திறந்து பாருங்கள். டிஸ்க்குக்கும் லீவருக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அமெரிக்காவின் ட்ரெக் நிறுவனம் 2015-ல், அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற ஏறத்தாழ 10 லட்சம் சைக்கிள்களை இந்த ஒரு காரணத்துக்காகத் திரும்ப அழைத்தது. சரியாக மூடாத லீவர் அதிகமாகத் திரும்பி டிஸ்க்கில் சிக்கினால் சக்கரம் சட்டென நின்றுவிடும், அல்லது கழன்றுவிடும். பிரேக்கில் ஒரு குறையும் இல்லாமலே நடந்த விபத்துகள் அவை.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ‘இதில் கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள்?’ பதில் தெளிவாக வரவில்லை என்றால், புது பிரேக் செட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

டிஸ்க்கும் பேடும்

டிஸ்க்கின் அளவு அதன் மேலேயே இருக்கும். 160, 180, 203 மி.மீ என்பவை பரவலான அளவுகள். 160-லிருந்து 180-க்குப் போனால், அதே விரல் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 12 சதவிகிதம் கூடுதல் பிடி கிடைக்கும். சூட்டைத் தாங்கும் திறனும் கூடும். மலைக்குப் போகிறவர்கள், உடல் எடை அதிகமானவர்கள் முன்னால் 180 வைத்துக்கொள்வது நல்லது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். ஆனால், உங்கள் வண்டியின் ஃபோர்க் எத்தனை மி.மீ வரை அனுமதிக்கிறது என்று கேட்காமல் பெரிய டிஸ்க் மாட்டாதீர்கள். காலிபரில் இரண்டு பிஸ்டன், நான்கு பிஸ்டன் என்று கேட்டால், நம் சாலைப் பயணங்களுக்கும் சாதாரண மண் பாதைக்கும் இரண்டே போதும். நான்கு என்பது கரடுமுரடான செங்குத்து இறக்கங்களில் வேகமாக இறங்குபவர்களுக்கு.

பேட் முக்கியமாக இரண்டு வகை. ரெசின் பேட் மென்மையானது, சத்தம் குறைவு, உடனே பிடிக்கும். சேற்றிலும் மழையிலும் சீக்கிரம் தேயும். மெட்டல் பேட் சூட்டையும் சேற்றையும் தாங்கும், நாள்பட உழைக்கும், கொஞ்சம் கத்தும். விலை குறைந்த டிஸ்க்குகளில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க்கே தேய்ந்துவிடும்.

தேய்மானத்துக்கும் கணக்கு உண்டு. பேடின் இரும்புத் தகட்டைத் தவிர்த்து, அதன் மேலுள்ள உராயும் பகுதி 0.5 மி.மீ ஆகிவிட்டால் மாற்றச் சொல்கிறது ஷிமானோ. அதன் டிஸ்க்குகள் பலவற்றுக்கு 1.5 மி.மீ என்பது கடைசி எல்லை. அந்த எண்ணை டிஸ்க்கிலேயே பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு...

புது பேட் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. காலியான மைதானத்தில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் வழுக்காமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். மறுபடி வேகம், மறுபடி பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது முறை செய்தால் பேடின் பூச்சு டிஸ்க்கில் சீராகப் படிந்துவிடும். இதைச் செய்யாமல் நேரே மலைக்குப் போகாதீர்கள்.

டிஸ்க்குக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. செயினுக்கு எண்ணெய் போடும்போது ஸ்ப்ரே அடித்தால், பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கிலும் விழும். அதன் பிறகு பிரேக் கத்தும், பிடிக்காது. சொட்டு சொட்டாகச் செயினில் மட்டும் விட்டு, துணியால் துடையுங்கள். கீச்சுச் சத்தம் வருகிறது என்று டிஸ்க்கில் தேங்காய் எண்ணெய் தடவும் வைத்தியம் மட்டும் கூடவே கூடாது. டிஸ்க்கைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். எண்ணெய் ஊறிய பேடைத் துடைப்பதில் பலன் இல்லை, மாற்றிவிடுங்கள். பைக் வாட்டர் வாஷுக்கு சைக்கிளை அனுப்பினால், டீசல், பாலிஷ் எதையும் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் ஹேண்டில்பாரோடு நிற்கட்டும்.

காரிலோ பஸ்ஸிலோ ஏற்றும்போது சக்கரத்தைக் கழற்றினால், பேடுகளுக்கு நடுவே தடித்த அட்டையை மடித்துச் செருகுங்கள். டிஸ்க் இல்லாத நேரத்தில் குட்டீஸ் விளையாட்டாக லீவரை அழுத்தினால், பிஸ்டன்கள் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பஞ்சர் பார்த்தால், நிமிர்த்திய பிறகு லீவரைப் பலமுறை அழுத்தி, இறுக்கம் திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட்டே ஏறுங்கள்.

மலையில் இறங்கும்போது...

‘முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவ’ என்று சொல்லித்தான் நம் வீடுகளில் சைக்கிள் பழக்குகிறோம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், சக்கரம் வழுக்கும், ஒரே டிஸ்க்கில் சூடு ஏறும். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடிக்கப் பழக்குங்கள். ஹைட்ராலிக் என்பதால் ஒரு விரலே அதிகம். இந்தப் பழக்கம் மைதானத்தில் வர வேண்டும், மலையில் அல்ல.

இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கைச் சூடேற்றும். நேர்ப் பாதையில், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு பிரேக்கை விட்டுவிட வேண்டும். டிஸ்க்குக்குக் காற்று கிடைப்பது அப்போதுதான். கருகல் வாடை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ உடனே ஓரமாக நிறுத்திவிடுங்கள். கால் மணி நேரம் ஆறட்டும். டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், நெளிந்துபோகலாம். ஆறிய பிறகும் லீவர் சரியாகவில்லை என்றால், மீதி வளைவுகளைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள். நண்பர்கள் கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, பில் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள். ‘இந்த பிரேக்குக்கு பிளீடிங் கிட் உங்களிடம் இருக்கிறதா? இதற்கான பேட் ஸ்டாக்கில் இருக்கிறதா? இதைச் செய்யத் தெரிந்தவர் கடையில் யார்?’ மூன்றுக்கும் பதில் கிடைத்தால், நடுத்தர விலை பிரேக்கே பல ஆண்டுகள் உழைக்கும். பதில் கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த பிரேக்காக இருந்தாலும், முதல் முறை லீவர் தளரும்போது அந்த வண்டி பைக் மெக்கானிக்கின் டாட் பாட்டில் முன்னால்தான் போய் நிற்கும். அப்படிப்பட்ட ஊரில், நல்ல ஒயர் பிரேக்கோடு வீட்டுக்கு வருவதே புத்திசாலித்தனம். பேடோ ஒயரோ, கூடவே ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.